கைவிடாத சுமை

வானில் செல்வார்க்குச் சுமையே பகையாம். ஆயினும், உயிருக்கு இடர் நேர்ந்தவிடத்தும் கைவிடலாகாத சுமை சில உள.

சுவீடன் நாட்டினரான ஆந்திரே, பிரங்கெல், ஸ்டிரிண்ட்பெர்க் என்னும் மூவர், வடதுருவத்தைக் காணும் வேட்கையால், 1897ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11ஆம் நாள் ஸ்பிட்ஸ்பெர்கனை அடுத்த தீவொன்றினின்று ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பலூனில் ஏறிப் பறந்தனர். அவருள் இளையவரான ஸ்டிரிண்ட்பெர்க்கிற்கு வயது 24; நிழற்படம் எடுத்தல் அவர்தம் பணி. மூன்று நாளில் அப்பலூன் பனி படிந்து கனத்து, உறைந்த கடல்மேல் இறங்கிற்று. வீழ்ந்து கிடந்த அதனையும் அவர் படம் எடுத்தார்.

பின்னர் மூவரும் சறுக்கு வண்டிகளை இழுத்துக்கொண்டு பனிமேல் நடக்கலாயினர். பாரம் தாளாமையால் உணவிலும் ஒரு பகுதியை வழியில் எறிந்தனர். நிழற்படக் கருவியையும் படச்சுருள்களையும் எறிந்தாரல்லர். முடிவில் வெண்தீவு என்னும் பனித்தீவை அடைந்து, அங்கேயே மாண்டனர்.

ஆண்டுகள் 33 கழிந்தன. 1930இல் அவர்தம் உடல்களும், உடனிருந்த படச்சுருள்களும் கண்டெடுக்கப்பட்டன. ஹெர்ட்ஸ்பெர்க் என்னும் வல்லுநர் ஸ்டாக்ஹோம் நகரில் அவற்றை மிக்க கருத்துடன் பக்குவம் செய்து, 93 படங்களை மீட்டனர்.

அவற்றுள் ஒன்றில், சாய்ந்து கிடக்கும் பலூனை நோக்கி இருவர் நிற்கின்றனர். மூன்றாமவர் அதில் இல்லை. அவர் கண்ட காட்சியையே நாம் காண்கின்றோம். தம் உயிரைக் காக்கவொண்ணாத அவ்விளைஞர், தம் கடமையைக் காத்தனர் அன்றோ!