அடைத்த கடலின் கூலி

பசிபிக் பெருங்கடலின் வரைபடத்தை விரித்து வைத்துக் கிரிபாட்டி என்னும் நாட்டைத் தேடுவோருக்கு முதலில் தென்படுவது அதன் பெயரே, நிலம் அன்று. அச்சிட்ட எழுத்துகள் பெரியவை, தீவுகள் புள்ளிகள். அந்நாட்டார் தம் நாட்டைக் கிரிபாஸ் என்று உச்சரிக்கின்றனர். 1979-இல் விடுதலை பெற்ற இந்நாட்டுக்கு 33 தீவுகள் உள்ளன. அவற்றின் நிலப்பரப்பு முழுவதையும் கூட்டினாலும் 811 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குரிய கடற்பரப்போ ஏறத்தாழ 35 இலட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 1,20,000 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தெற்குத் தாராவா என்னும் ஒடுங்கிய மணல் திட்டில் நெருங்கி வாழ்கின்றனர். பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்பதால்தான் முதலில் நம் கவனம் அந்நாட்டின்பால் சென்றது. பிறகு நம்மைப் பிடித்து வைத்துக்கொண்டது வேறொரு செய்தி.

கிரிபாட்டியின் நடுப்பகுதியில் பீனிக்ஸ் தீவுகள் என எட்டுத் தீவுகள் உள்ளன. 1938-இல் ஆங்கிலேய ஆட்சியினர் கில்பர்ட் தீவுகளில் நிலமின்றி நெருக்கடியில் வாழ்ந்த மக்களை அங்கே குடியேற்றினர். நன்னீர்த் தட்டுப்பாடும் தொலைவும் அம்முயற்சியைத் தோற்கடித்தன. 1963-இல் குடிகள் சாலமன் தீவுகளுக்கு மாற்றப்பட்டனர். இன்று காண்டன் என்னும் ஒரு தீவில் மட்டுமே விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்கள் வாழ்கின்றன. மனிதன் வாழ முடியாமல் கைவிட்ட இடம் மற்ற உயிர்களுக்குப் புகலிடம் ஆயிற்று. 2000-ஆம் ஆண்டில் அங்கே சென்று கடலில் மூழ்கி ஆய்ந்த அறிவியலார், சுறாக்களும் பெருமீன்களும் திரளும் பவளத்திட்டுகளைக் கண்டு வியந்தனர்.

2006-இல் பிரேசில் நாட்டின் குரிட்டிபா நகரில் உயிரினப் பன்மை உடன்படிக்கை நாடுகள் கூடிய மாநாட்டில், கிரிபாட்டியின் அன்றைய குடியரசுத் தலைவர் அனோட்டே தோங், பீனிக்ஸ் கடலைக் காப்பகமாக்கும் முடிவை உலகுக்கு அறிவித்தார். 2008-இல் அதன் பரப்பு 4,08,250 சதுர கிலோமீட்டர் என விரிவாக்கப்பட்டது. ஜெர்மனி நாட்டினும் பெரிய கடல் அது! 2010-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. அவ்வுடன்படிக்கையில் சேர்ந்த ஒவ்வொரு நாடும் தன் உயிர்வளத்தைக் காக்கத் திட்டம் ஒன்று தீட்ட வேண்டும் என்பது விதி. அத்தகைய திட்டங்கள் பல அலுவலகங்களின் கோப்புகளிலேயே உறங்கிவிடுகின்றன. இங்கோ, ஓர் ஏழை நாடு தன் செல்வத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டது. நாம் அகமகிழ்ந்தோம். அவ்வாண்டில் ஒரு ஞாயிறு மறையுரையில் இதனை எடுத்துரைத்து, காணிக்கைப் பெட்டியில் தன்னிடம் இருந்த அனைத்தையும் இட்ட கைம்பெண்ணோடு அந்நாட்டை ஒப்பிட்டோம்.

திருப்பலி முடிந்ததும் நம் பங்கைச் சேர்ந்த மீனவப் பெரியவர் ஒருவர் வாயிலில் காத்து நின்றார். "சாமி, கடல அடைக்கிறது நல்ல காரியந்தான். அடச்ச கடலுக்கு அந்த ஊருச் சனத்துக்குக் கூலி யாரு குடுக்கிறது?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி நகர்ந்தோம். அவர் தலையசைத்தார், ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அக்கேள்வி பல ஆண்டுகளாக நம்மைத் தொடர்ந்து வருகிறது.

விடை தேடியபோதுதான் நாம் சொன்னதில் இருந்த பிழைகள் வெளிப்பட்டன. கிரிபாட்டி அரசின் வருவாயில் பெரும்பங்கு, சூரை மீன் பிடிக்க வரும் அயல்நாட்டுக் கப்பல்கள் செலுத்தும் உரிமக் கட்டணமே. நவுரு உடன்படிக்கையில் இணைந்த பசிபிக் நாடுகள், ஒரு கப்பல் ஒரு நாள் மீன் பிடிக்க இவ்வளவு எனக் கணக்கிட்டு, கப்பல்நாட்களை விற்கின்றன. கடலை அடைத்தால் இவ்வருவாய் குறையலாம். ஆகவே அறக்கட்டளை ஒன்றை நிறுவி, உலகின் கொடையாளரிடம் வைப்புநிதி திரட்டி, அதன் வட்டியைக் கொண்டு இழப்பை ஈடுசெய்வதே தொடக்கத்தில் கருதப்பட்ட வழி. நிதி வந்து சேரும்வரை காப்பகத்தில் சுமார் நூற்றுக்கு மூன்று பங்கு மட்டுமே வணிக மீன்பிடிப்புக்கு அடைக்கப்பட்டிருந்தது. முழுமையும் அடைக்கப்பட்டது 2015 சனவரி முதல் நாளில்தான். அனைத்தையும் கொடுத்துவிட்ட கைம்பெண் என்று நாம் புகழ்ந்தபோது, அவள் இன்னும் விலை பேசிக்கொண்டிருந்தாள். அதில் இழிவு ஒன்றும் இல்லை. அவளுக்குப் பிள்ளைகள் இருந்தனர்.

அங்கே நடந்த பணிகளையும் சொல்ல வேண்டும். காப்பது என்பது வரைபடத்தில் கோடு கிழிப்பதோடு முடிவதில்லை. 2001-இல் மக்கீன் தீவில் தரைதட்டிய மீன்பிடிக் கப்பலிலிருந்து எலிகள் கரையேறி, கடற்பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. ராவாக்கி தீவில், முன்னொரு காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட முயல்கள் செடிகொடிகளை மேய்ந்து, கூடுகளுக்கு நிழலின்றிச் செய்தன. 2008-இல் பணியாளர் கப்பலேறிச் சென்று, மக்கீனில் எலிகளையும் ராவாக்கியில் முயல்களையும் ஒழித்தனர். புயற்பறவை முதலிய சிறு பறவைகள் மீண்டும் குஞ்சு பொரிக்கத் தொடங்கின. 2011-இல் எண்டர்பரி தீவில் செய்த அதே முயற்சி தோற்றது. பரந்த கடலைக் காவல் காக்க அந்நாட்டிடம் இருந்ததோ ஒரே ஒரு சுற்றுக்காவல் கப்பல். ஆயினும் 2015-இல் அடைத்த பகுதிக்குள் மீன் பிடித்த சுருக்குவலைக் கப்பல் ஒன்று, செயற்கைக்கோள் தடயங்களின் துணையோடு பிடிபட்டுப் பெருந்தொகை தண்டம் செலுத்தியது.

2021 நவம்பரில் வேறு செய்தி வந்தது. கிரிபாட்டி அரசு காப்பகத்தை வணிக மீன்பிடிப்புக்குத் திறக்க முடிவு செய்துவிட்டது. நமக்குச் சினம் மூண்டது. கொடுத்த வாக்கை மீறுவதா? உலகத்தின் முன் நேர்ந்துவிட்டதைத் திரும்ப எடுப்பதா? மேசைமுன் அமர்ந்து கண்டனமாக ஒரு கட்டுரையே எழுதத் தொடங்கினோம். இரண்டாம் பக்கத்தில் அந்தப் பெரியவரின் கேள்வி வந்து கையைத் தடுத்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அறக்கட்டளையின் தொடக்க வைப்புநிதி 50 இலட்சம் அமெரிக்க டாலர். 2015-இல் ஒரு கப்பல்நாளின் குறைந்தபட்ச விலை 8,000 டாலர். அப்படியானால் அந்த வைப்புநிதி முழுவதும் 625 கப்பல்நாட்களுக்கு ஈடு. அதாவது இருபது கப்பல்கள் ஒரு மாதம் மீன் பிடிக்கச் செலுத்தும் தொகை. அதுவும் செலவழிப்பதற்கு அன்று. வட்டியை மட்டும் எடுப்பதற்கு. ஜெர்மனியினும் பெரிய கடலை என்றென்றும் அடைத்து வைக்க உலகம் எண்ணிக் கொடுத்த கூலி இவ்வளவே! இல்லை, இவ்வளவுகூட இல்லை. அந்த 50 இலட்சத்தில் பாதியைப் பன்னாட்டு அமைப்பு ஒன்று கொடுத்தது. மறுபாதியைக் கிரிபாட்டி அரசே போட்டது.

மறுபக்க வாதமும் உண்டு. கப்பல்நாட்கள் நாட்டின் கடல் முழுவதற்கும் சேர்த்தே விற்கப்படுகின்றன. பீனிக்சில் இடமில்லை என்றால் கப்பல்கள் வேறு பகுதியில் மீன் பிடிக்கும். ஆகவே அரசு சொன்ன அளவுக்கு இழப்பு நேரவில்லை என்று ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். முன்னாள் தலைவர் தோங் அவர்களும் திறப்பை எதிர்த்தார். இவ்வாதத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் அதைத் தீர்த்துச் சொல்லும் உரிமை, பெருந்தொலைவில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து எழுதும் நமக்கு எந்த அளவுக்கு உண்டு? 2002-ஆம் ஆண்டை ஒட்டிக் கடல் சூடேறி, காண்டன் தீவின் காயலில் பவளங்கள் பெருமளவில் மடிந்தன. அந்தச் சூட்டுக்கு அம்மக்கள் மூட்டிய அடுப்புகள் காரணம் அல்ல. மூட்டியவர் வேறு, காக்கச் சொல்லப்படுபவர் வேறு.

திறந்தது சரி என்று சொல்ல நாம் துணியவில்லை. சுறாக்களுக்கும் புயற்பறவைகளுக்கும் அரசுகளின் வரவுசெலவு தெரியாது. அங்கே நேரும் இழப்பு உண்மையான இழப்பு. ஆனால் ஏழையின் ஈகையைப் புகழ்ந்துவிட்டு, அவன் கை தளரும்போது அவனையே பழிப்பது நேர்மையாகாது. அந்த மறையுரையில் நாம் செய்ததும், எழுதாது விட்ட கட்டுரையில் செய்ய இருந்ததும் அதுவே.

2022-இல் மொன்றியலில் கூடிய நாடுகள், 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் நூற்றுக்கு முப்பது பங்கைக் காப்பதென உறுதி பூண்டுள்ளன. இனிப் பல வரைபடங்களில் பல கோடுகள் கிழிக்கப்படும். ஒவ்வொரு கோட்டின் அருகிலும் கூலிக் கணக்கு ஒன்றும் எழுதப்பட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அந்தப் பெரியவர் இப்போது உயிருடன் இல்லை. இருந்திருந்தால் வாயிலில் அவரை நிறுத்தி, காலம் தாழ்ந்த விடையைச் சொல்லியிருப்போம்: கூலியில் பாதியை அந்த ஊர்ச் சனமே கொடுத்தது, பெரியவரே. மீதியை நாம் யாரும் சரியாக எண்ணிக் கொடுக்கவில்லை.