மலைவீடு கற்பிக்கும் பாடம்

வாணியம்பாடிக்குத் தென்கிழக்கே நீண்டு கிடக்கும் ஜவ்வாது மலையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பீமன் நீர்வீழ்ச்சியில் நீராடவும், ஜமுனாமரத்தூர் ஏரியில் படகில் செல்லவும் குடும்பத்தோடு போய் வந்தவர்களும் இருப்பீர்கள். ஆனால், ஒரு வீட்டைப் பார்ப்பதற்காக எவரும் மலையேறுவதில்லை. அந்த நோக்கத்துடன் ஒருமுறை சென்று வாருங்கள் என்று உங்களை அழைக்கவே இக்கட்டுரை.

காரணம் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு முதலிய நம் ஊர்களில் பாட்டன் காலத்து வீடுகள் பல இன்று ஒரு கேள்வியின் முன் நிற்கின்றன: இடித்துக் கட்டுவதா, புதுப்பித்து வாழ்வதா? அக்கேள்விக்கு விடை தேடுவோர்க்கு மலைவீடு ஒரு நல்ல பாடம்.

மலைப்பாதையில்...

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சென்றால் மலைச்சாலை தொடங்குகிறது. வளைவுகள் ஏற ஏறக் காற்றில் குளுமை கூடுகிறது. ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரில் வானாய்வுக் கூடம் அமைந்திருக்கிறது. விஞ்ஞானி வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் இது. அவர் 1982ஆம் ஆண்டு மறைந்தார். 1986ஆம் ஆண்டு முதல் இக்கூடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதைக் கடந்து சென்றால் ஜமுனாமரத்தூரை அடையலாம்.

இம்மலையில் வாழும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்பர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். மலையில் வாழ்பவர் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. சாமை அவர்களது முக்கிய விளைபொருள். புளி, பலா, தேன், கடுக்காய் ஆகியவை மலை அவர்களுக்குத் தரும் செல்வங்கள்.

இவர்களுடைய பழைய வீட்டைச் சற்றே உற்றுப் பாருங்கள். மூங்கிற் பிளாச்சுகளைப் பின்னி, இருபுறமும் மண் அப்பிய சுவர். மேலே புல் வேய்ந்த கூரை. உள்ளே தானியம் சேமிக்கும் பரண். மெழுகிய மண் தரை. வெளியே வெயில் சுட்டெரிக்கும்போதும் உள்ளே நுழைந்தால் உடல் குளிர்கிறது. கனத்த மண் பூச்சு பகல் வெப்பத்தை விரைவில் உள்ளே விடுவதில்லை. புற்கூரையின் இடுக்குகளில் அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கிறது.

இந்த வீட்டின் சிறப்பு அதன் பொருள்களில் மட்டுமில்லை. அது பேணப்படும் முறையிலும் இருக்கிறது. மழையில் கரைந்த சுவருக்கு மழைக்காலம் கழிந்ததும் மீண்டும் மண் பூசுகிறார்கள்; தரையை அடிக்கடி மெழுகுகிறார்கள்; இற்றுப்போன புல்லை நீக்கிப் புதுப்புல் வேய்கிறார்கள். வீடு ஒருபோதும் 'கட்டி முடிக்கப்பட்டது' ஆவதில்லை. சிறு பழுது பெரும் பழுதாகுமுன் கை அங்கே சென்றுவிடுகிறது.

அம்மலையிலேயே கீழ்ச்செப்பிலிப் பகுதியில், பெருங்கற்கால மக்கள் பலகைக் கற்களை நிறுத்தி எழுப்பிய கல்திட்டைகள் உள்ளன. குள்ளர்கள் வாழ்ந்த வீடுகள் என்று ஊரார் சொல்வதுண்டு. உண்மையில் அவை இறந்தோர்க்கான நினைவிடங்கள். இறந்தோர்க்கென எழுப்பிய கல் பராமரிப்பின்றியே நிற்கிறது. உயிருள்ளோர் வாழும் வீடோ ஆண்டுதோறும் மனிதக் கையை வேண்டுகிறது!

மண்வீட்டைப் புகழ்வதால் மலைமக்கள் என்றும் அதிலேயே வாழ வேண்டும் என்று சொல்வதாக எண்ண வேண்டாம். புற்கூரை தீப்பற்றும், ஒழுகும், ஆண்டுதோறும் உழைப்பைக் கேட்கும். அவர்கள் காங்கிரீட் வீட்டை விரும்புவது நியாயமே. தமிழக அரசு 2024ஆம் ஆண்டு அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீட்டிற்கு 3.5 லட்சம் ரூபாய் என அப்போது நிர்ணயிக்கப்பட்டது. குடிசைகள் குறைவது நல்லதே. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களது கூரையை அல்ல, அவர்களது பழக்கத்தை.

ஜென்னே நகரின் பள்ளிவாசல்

இப்பழக்கத்தைப் பெருமையாகப் போற்றும் ஒரு முஸ்லிம் நகரம் மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் இருக்கிறது. ஜென்னே என்னும் அந்நகரின் பெரிய பள்ளிவாசல் முழுவதும் மண்ணால் ஆனது. இப்போதுள்ள கட்டடம் 1907ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. பழைய நகரம் 1988ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஊரே திரண்டு அப்பள்ளிவாசலுக்கு மண் பூசுவது அங்கு ஒரு திருவிழா. பெண்கள் தண்ணீர் சுமந்து வர, இளைஞர்கள் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகளில் ஏறி நின்று பூசுகிறார்கள். நூறாண்டைக் கடந்தும் அந்த மண் நிற்பதற்குக் காரணம் மண்ணின் வலிமை மட்டுமன்று. ஆண்டு தவறாத அக்கறை!

கடுக்காய் காட்டும் உறவு

இனி மலையிலிருந்து நம் ஊருக்கு இறங்குவோம். நம் பெரியோர் நடத்திய தோல் பதனிடும் தொழிற்கூடங்களுக்கு இம்மலைக் காடுகளின் கடுக்காய் ஒரு முக்கியப் பொருளாக இருந்தது. அதே கடுக்காயை ஊறவைத்த நீரையும் வெல்ல நீரையும் சுண்ணாம்புச் சாந்தில் கலந்து அரைத்தே அக்கால வீடுகளைக் கட்டினார்கள். பின்னர் குரோம் பதனிடுதல் பரவியது. தோலில் கடுக்காயின் இடம் சுருங்கியது. சிமெண்ட் வந்தது, சுவரிலும் அதன் இடம் போயிற்று.

அதன் விளைவைப் பல பழைய வீடுகளில் காணலாம். "சுவரில் ஓதம் ஏறிவிட்டது, எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் உரிகிறது" என்று வருந்தாத இல்லத்தரசிகள் குறைவு. ஏன் இப்படி? சுண்ணாம்புச் சுவரில் நுண்ணிய துளைகள் உண்டு. தரையிலிருந்து மேலேறும் ஈரம் அத்துளைகள் வழியே ஆவியாகி வெளியேறிவிடும். அச்சுவர் மீது சிமெண்ட் பூசி, எனாமல் பெயிண்டும் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி மேலும் மேலும் ஏறுகிறது. அது சுமந்துவரும் உப்பு பூத்துப் பூச்சைத் தள்ளுகிறது. சுவர் கிழடாகிவிட்டது என்று எண்ணுகிறோம். உண்மையில், அதன் மூச்சை நாம் அடைத்துவிட்டோம்!

எப்படிப் புதுப்பிப்பது?

முதலில் கூரையைப் பாருங்கள். ஒழுகும் ஓடுகளை மாற்றுங்கள். மெட்ராஸ் டெரஸ் தளமாயின் மரக்கட்டைகள் சுவருக்குள் பதியும் முனைகளைத் தச்சரைக் கொண்டு சோதியுங்கள். முதலில் இற்றுப்போவது அம்முனைகளே. அடுத்து, வீட்டைச் சுற்றி மழைநீர் தேங்காமல் வடிய வழி செய்யுங்கள். பிறகே சுவர். ஓதம் ஏறிய இடத்தில் சிமெண்ட் பூச்சைச் செதுக்கி எடுத்து, சில மாதங்கள் உலரவிட்டு, சுண்ணாம்புச் சாந்தையே பூசச் சொல்லுங்கள். வண்ணம் கடைசியில்தான். நாமோ பெரும்பாலும் வண்ணத்திலிருந்து தொடங்குகிறோம்!

பெருநாளுக்கு முன் சுண்ணாம்பு நீற்றி, வடிகட்டி, நீலம் கலந்து வெள்ளையடித்த வழக்கம் வெறும் அலங்காரமன்று. சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையைத் தடுக்கும். சுவரின் துளைகளையும் அடைக்காது. சுண்ணாம்பு கொதிக்கும்போது குழந்தைகளை மட்டும் அருகில் விட வேண்டாம். கண்ணில் தெறித்தால் பெருந்தீங்கு விளையும்.

வீட்டின் உள்ளே வெளிச்சம் போதவில்லையா? ஓட்டுக் கூரையில் நான்கைந்து கண்ணாடி ஓடுகளைப் பதித்தாலே அறை விடிந்துவிடும். இன்னோர் அறை கிடைக்கும் என்று முற்றத்தை மூடிவிடாதீர்கள். அயலார் பார்வை படாமல் வீட்டுப் பெண்கள் வெயிலும் காற்றும் பெறும் இடம் அது. திருட்டுக்கு அஞ்சினால் மேலே இரும்புக் கம்பி வலை போடலாம்.

மாற்றியே ஆக வேண்டியவையும் உண்டு. அவற்றில் கஞ்சத்தனம் கூடாது. பழைய மின்கம்பிகளை முழுவதும் மாற்றி, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துங்கள். ஒளுச் செய்யும் இடத்திலும் குளியலறையிலும் பளபளக்கும் ஓடு வேண்டாம். ஈரத்தில் வழுக்காத சொரசொரப்பான தரையே வேண்டும். முதியோர் அறைக்கு அருகிலேயே உட்கார்ந்து எழ வசதியான கழிப்பறையும், பற்றிக்கொள்ளக் கைப்பிடியும் அமையட்டும். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழும் முதியவருக்குப் பளிங்குத் தரையால் என்ன பயன்?

அடித்தளமே இறங்கி, சுவர் பிளந்து சாயும் நிலையிலுள்ள வீட்டை இடித்துத்தான் கட்ட வேண்டும். அங்கே பாசம் குறுக்கே நிற்கக் கூடாது. ஆனால், அந்த முடிவை அனுபவமுள்ள பொறியாளர் சொல்லட்டும். உரிந்த பெயிண்டைப் பார்த்து நாமே தீர்ப்பளித்துவிட வேண்டாம். இடித்த வீட்டின் தேக்குத் தூண்கள் பழம்பொருள் கடைக்குப் போகும். கடன் நம் தலைமேல் வந்து அமரும். தாத்தா உட்கார்ந்த திண்ணையைப் பேரப்பிள்ளைகள் படத்தில்தான் பார்க்க நேரும்.

எனவே, அடுத்த பெருநாளுக்கு வெள்ளையடிக்க ஆள் அழைக்குமுன், பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு வீட்டைக் கூரை முதல் தரை வரை ஒருமுறை சுற்றி வாருங்கள். எங்கே ஒழுகுகிறது, எங்கே ஓதம், எங்கே முதியோர் தடுமாறுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆண்டுக்கு இரண்டு வேலைகள் என்று சீர்செய்து வந்தால், இன்ஷா அல்லாஹ், பெருங்கடனின்றியே பழைய வீடு உங்கள் பேரர்களுக்கும் நிழல் தரும்.