தெரணியகலை நீரும் கணினிக் கணக்கும்

மேட்டிலுள்ள நீர் பள்ளத்தை நாடும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். இடையில் ஒரு வால்வு இருப்பின் எவ்வளவு நீர் இறங்கும் என்பதோ, கற்றறிந்தோரையும் மயங்கச் செய்யும் வினாவாகும்.

சீதாவாக்கை கங்கை பாயும் தெரணியகலைப் பகுதி தேயிலையும் இறப்பரும் செழிக்கும் மழைவளம் மிக்க மலைச்சரிவு. ஆங்குள்ள தோட்டமொன்றில், மலையூற்று நீர் குழாய்வழி இறங்கிக் கீழுள்ள திறந்த தொட்டியை அடைந்து, அங்கிருந்து லயங்களின் பீலிகளுக்குச் செல்கின்றது. தொட்டிக்குச் சற்று முன்னே ஒரு வண்ணத்துப்பூச்சி வால்வு. கணினி மென்பொருள் கூறிய அளவு நீர் தொட்டிக்கு வரவில்லை. பீலியடியிற் குடங்கள் வரிசையாய்க் காத்திருந்தன. ஊற்று வற்றிற்று என்றனர் சிலர். குழாய் முழுவதையும் மாற்றுக என்றனர் வேறு சிலர். அந்நிலையிலேதான் நாம் அழைக்கப்பட்டோம்.

வால்வின் வாயிலில், நீர் பாயும்போதே, அமுக்கமானி 10 பார் காட்டியது. ஊற்றிலும் குழாயிலும் குறையில்லை என்பது அதனாலேயே புலனாயிற்று. வால்வினருகே சரளைக்கற்கள் உருள்வது போன்ற ஓசை கேட்டது. குழாயினுள்ளே கல் ஏதும் இல்லை.

நீர் வால்வின் இடுக்கிற் புகும்போது அதன் வேகம் மிகும்; அமுக்கம் குன்றும். அது நீரின் ஆவியமுக்கத்துக்குக் கீழே தாழ்ந்தால், தண்ணென்ற நீரும் அவ்விடத்தே கொதித்துக் குமிழியாகும். ஒடுங்கிய குழாயிற் குளிர்நீர் இவ்வாறு கொதிப்பதை 1894 இல் ஒஸ்போர்ண் ரெனோல்ட்ஸ் காட்டினார். குமிழிகள் இடுக்கை நிரப்பியபின், அப்பாலுள்ள அமுக்கத்தை எவ்வளவு குறைத்தாலும் பாய்ச்சல் கூடாது. இதுவே முட்டிய பாய்ச்சல். இடுக்கைக் கடந்து அமுக்கம் மீளும்போது குமிழிகள் நொறுங்கி உலோகத்தையும் அரிக்கும். அந்நொறுங்கலில் எழும் பேரமுக்கத்தை 1917 இல் றேலி பிரபு கணித்தார். நாம் கேட்ட சரளை ஓசை அதுவே.

இதற்கு எல்லை காண்பது அரிதன்று. ஒவ்வொரு வால்வுக்கும் அமுக்க மீட்புக் காரணி என்றோர் எண் உண்டு. அதன் வர்க்கத்தை, வளியமுக்கமும் சேர்ந்த வாயில் அமுக்கத்தாற் பெருக்குக. குளிர்நீருக்கு ஆவியமுக்கம் மிகச் சிறிதாதலின் அதனை இங்கு விடலாம். முழுதுந் திறந்த வண்ணத்துப்பூச்சி வால்வுக்குக் காரணி ஏறத்தாழ 0.6; ஆகவே 0.36 ஐ 11 ஆற் பெருக்க, எல்லை சுமார் 4 பார். வால்விலே விழுந்த அமுக்கமோ 10 பார். மென்பொருள் 10 பாருக்குரிய பாய்ச்சலைக் கூறிற்று. வால்வு 4 பாருக்குரியதையே விட்டது. பாய்ச்சல் அமுக்க வீழ்ச்சியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், 100 லீற்றர் எனக் கணினி கூறுமிடத்து 63 லீற்றரே வரும்.

மென்பொருளைப் பழித்துப் பயனில்லை. 1993 இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வெளியிட்ட ஈபாநெட், வால்வின் இழப்பெண்ணைக் கொண்டே பாய்ச்சலைக் கணிக்கும். ஆவியாதலை அது கருதுவதில்லை. மீட்புக் காரணியைக் கேட்டு எச்சரிக்கும் மென்பொருள்களும் உள. ஆயினும் அக்காரணியை நாம் கொடுத்தாலன்றி அவையும் சரிவர எச்சரிக்கமாட்டா. வால்வுதோறும் வீழ்ச்சியையும் எல்லையையும் அருகருகே எழுதி ஒப்பிடுவதே பாதுகாப்பு.

பரிகாரமாக, மீட்புக் காரணி 0.9 உடைய கோள வால்வுகள் இரண்டைத் தொடராக இடுமாறு கூறினோம். ஒன்று போதாதோ எனில், அதன் எல்லை 8.9 பார், 10 பார் வீழ்ச்சிக்கு அது போதாது. இரண்டுக்கும் 5 பார் வீதம் சரிபாதியாகப் பங்கிட்டாலும், இரண்டாவதன் வாயிலில் 6 பாரே எஞ்சுவதால் அதன் எல்லை 4.9 ஆகி, அது சற்றே முட்டும். முதலாவதில் 7, இரண்டாவதில் 3 என வீழ்த்தினால், எல்லைகள் முறையே 8.9, 3.2, இரண்டும் முட்டா. முட்டுவதற்கு முன்னரே குமிழி தோன்றத் தொடங்கலாமாதலின், வால்வுகளின் உட்பாகத்தை இடையிடையே திறந்து பார்க்கவும் சொல்லி வைத்தோம்.

கல்லூரியிற் பெளதிகம் பயிலும் இளைஞர் இக்கணக்கைத் தாமே ஒருமுறை செய்து பார்ப்பாராக. பத்து நிமிடத்தில் முடியும். இக்கணக்குச் செய்யப்படாதிருந்தால், பழுதற்ற குழாய் முழுவதும் பெயர்க்கப்பட்டிருக்கும். புதுக் குழாயின் முடிவிலும் அதே வால்வு நின்று, அதே 63 லீற்றரையே கொடுத்திருக்கும்.