டாக்டர் கொடுத்த தேதி

மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம், ஒரே கிழமையில், எலுமிச்சம்பழத்தோடு வந்துபோகும் பெண்களைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். கல்யாணம் ஆக வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும் என்று எத்தனையோ வேண்டுதல்கள். பூந்தமல்லி, ஆவடிப் பக்கமிருந்தெல்லாம் பஸ் மாறி வருவார்கள். ஒரு வாரம்கூட முகம் சுளிக்க மாட்டார்கள். அவ்வளவு பொறுமையாக வேண்டிப் பெற்ற கர்ப்பம் பத்தாவது மாதத்தை எட்டியதும் அதே குடும்பத்துக்கு நிலைகொள்ளாமல் போய்விடுகிறது. டாக்டர் கொடுத்த தேதிக்கு மறுநாளே, "இன்னும் வலி எடுக்கலையா?" என்று சொந்தக்காரர்களின் போன் ஆரம்பித்துவிடும். கேட்டுக் கேட்டே அந்தப் பெண்ணைப் பயமுறுத்திவிடுகிறோம்.

அந்தத் தேதி, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிச் சொல்வது. சரியாக அன்றைக்கே பிறப்பது இருபது பிள்ளையில் ஒன்றுதான். 37 வாரம் முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம். தலைச்சன் பிரசவம் தேதி தாண்டிப் போவது சகஜம். 41 வாரம் ஆகியும் எடுக்காவிட்டால் டாக்டரே வலி வர மருந்து வைப்பார். நாமாக விளக்கெண்ணெய் கொடுத்து வரவழைக்கப் பார்க்கக் கூடாது. பேதியாகிப் பெண் துவண்டுபோவதுதான் மிச்சம்.

என் மருமகளுக்கு நடுராத்திரியில் முதல் வலி வந்தது. தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் நேரம் எழுதினோம். 1.10, 1.35, 1.42, 2.20. ஒழுங்கே இல்லை. அடிவயிற்றின் முன்பக்கம் மட்டும்தான் பிடித்தது. சீரகத் தண்ணீர் குடித்து, கொஞ்சம் நடந்து, ஒருக்களித்துப் படுத்ததும் அடங்கிவிட்டது. சூட்டு வலி. சில நாள் கழித்து வந்தது வேறு மாதிரி. இடுப்பில் கிளம்பி முன்னால் சுற்றி வந்தது. கை வைத்துப் பார்த்தால் வயிறு கல்லாக இறுகி, பிறகு தளர்ந்தது. நடந்தாலும் படுத்தாலும் விடவில்லை. இடைவெளி குறையக் குறைய வலி நீண்டது. சளி போலக் கொஞ்சம் ரத்தம் கலந்தும் பட்டது. அதுதான் பிரசவ வலி.

தலைச்சன் பிரசவமானால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். மறுபிரசவத்துக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம். வழியில் போரூர் போக்குவரத்து நெரிசலையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சிலவற்றுக்குக் கடிகாரமே பார்க்கக் கூடாது. பனிக்குடம் உடைந்தால், வலியே இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும். தண்ணீர் பச்சையாக வந்தாலோ, ரத்தம் கொட்டினாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ, தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். நல்ல நேரம் பார்க்கும் வேலையெல்லாம் அப்போது வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனபின் நம் அவசரம் இன்னும் அதிகமாகிறது. "எத்தனை விரல் திறந்திருக்கு?" என்று நர்ஸைத் துரத்துகிறோம். கர்ப்பப்பை வாய் பத்து சென்டிமீட்டர் திறக்க வேண்டும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது 1950களில் டாக்டர் ஃபிரீட்மன் செய்த ஆய்விலிருந்து வந்த கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2018இல் அதை மாற்றிச் சொன்னது. ஐந்து சென்டிமீட்டர் வரை மெதுவாகத்தான் திறக்கும், அதற்குக் கெடு இல்லை. அதன்பிறகும் தலைச்சனுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கும்போது, வெளியே நிற்கும் நாம் "ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று நெருக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. நட்சத்திரம் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது அதைவிடத் தப்பு. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் ஆபரேஷன். பிள்ளையின் துடிப்பு குறையும்போது அந்த ஆபரேஷன் உயிரைக் காக்கும். நம் பதற்றத்துக்கு அது மருந்தல்ல.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் துணைக்கு உள்ளே இருக்கலாம். யாரை அனுப்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அழுகிறவர், பழைய கஷ்டப் பிரசவக் கதை சொல்கிறவர் வேண்டாம். வலி வரும்போது இடுப்பை அழுத்தித் தேய்த்துவிட்டு, இடையில் இரண்டு மடக்கு தண்ணீர் கொடுத்து, நடக்கச் சொல்லிக் கூடவே நடக்கிறவர் போதும். கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறக்கும் முன் முக்கச் சொல்லக் கூடாது. நர்ஸ் சொல்லும்போது முக்கினால்தான் பலன்.

பிள்ளை அழுததும் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓடுகிறோம். நஞ்சுக்கொடி விழுவதற்கே அரை மணி நேரம் ஆகலாம். தாயின் உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு பெரும்பாலும் அதன்பின்தான் வருகிறது. முதல் மணி நேரத்திலேயே பிள்ளையை மார்பில் போடச் சொல்லுங்கள். பால் குடிக்கக் குடிக்கக் கர்ப்பப்பை சுருங்கும். ஒருவராவது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, துணி சீக்கிரம் சீக்கிரமாக நனைகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள். நனைந்தால், அவள் "ஒண்ணுமில்லைம்மா" என்று சொன்னாலும், நர்ஸைக் கூப்பிடுங்கள்.