இரண்டு வாளி

அக்னி நட்சத்திரம் தொடங்கி நான்காம் நாள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த லாயத்துக்கு விடியுமுன்பே போய்விட்டேன். பயிற்சிக்குப் போன குதிரைகளில் முதலாவது ஆறே காலுக்குத் திரும்பியது. செம்பழுப்பு நிறப் பெட்டை. சேணத்தை இறக்கியதும் முதுகில் சவுக்கார நுரைபோல வெள்ளையாகப் பொங்கியிருந்தது. குதிரையின் வியர்வையில் லாதரின் என்றொரு புரதம் உண்டு. அடர்ந்த மயிரினூடே வியர்வை பரவி ஆவியாக அதுதான் உதவுகிறது, நுரையும் அதனால்தான்.

குதிரைகளைக் கவனித்துக்கொள்ளும் சைஸ் அறுபதைத் தாண்டியவர். பதினைந்து வயதில் கிண்டியில் பந்தயக் குதிரைகளுக்குச் சாணி அள்ள வந்தவர். குதிரையின் விலாவை விரலால் வழித்து, "நாக்குல வெச்சுப் பாருங்க தம்பி" என்றார். வைத்தேன். உப்புக் கூடிய ரசம்போலக் கரித்தது.

"இவ்ளோ உப்பு போயிருக்கு. ஆனா பாருங்க, தண்ணிய மோந்துகூடப் பாக்காது."

அப்படியே நடந்தது. அரை மணி நேரம் ஓடிவிட்டு வந்த விலங்கு, நிரம்பிய தொட்டியருகே நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. நமக்கு வியர்த்தால் தண்ணீர் அதிகமாகவும் உப்பு குறைவாகவும் வெளியேறுகிறது. இரத்தத்தில் உப்பின் அடர்த்தி கூடுகிறது. உடனே தொண்டை வறள்கிறது. குதிரையின் வியர்வையோ இரத்தத்தின் அளவுக்கே, சில சமயம் அதற்கும் மேலாக, உப்பு நிறைந்தது. தண்ணீரும் உப்பும் கைகோத்துப் போய்விடுவதால் இரத்தத்தின் அடர்த்தி பெரிதாக மாறுவதில்லை. மூளைக்குச் செய்தியே போவதில்லை. கடும் வெயிலில் உழைக்கும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை இழக்கலாம். சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் வயிற்றடியில் சொட்டி மண்ணில் விழுகிறது. உடல் குளிர்வதும் இல்லை, இழப்பு நிற்பதும் இல்லை.

எனவே முதலில் உப்பைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தண்ணீரைத் தேட வைப்பது அந்த உப்புதான்.

அவர் இரண்டு வாளி கொண்டுவந்தார். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் பத்து லிட்டருக்கு இரண்டு கைப்பிடி கல்லுப்பு. அந்த இரண்டு பிடியை ஒரு காகிதத்தில் கட்டி வாங்கிவந்து வீட்டுத் தராசில் வைத்தேன்: 93 கிராம். லிட்டருக்கு 9 கிராம் என்பது மருத்துவமனை சலைனின் கணக்கு. ஓடி முடித்த குதிரைக்கு முதலில் இந்த அளவு உப்புநீரைக் காட்டினால், பிறகு வெறும் தண்ணீரையும் அது கூடுதலாகக் குடிக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவருக்கு அந்த அளவு கையிலேயே இருந்தது.

பெட்டை உப்பு வாளியில் உதட்டை நனைத்தது. பிறகு உறிஞ்சத் தொடங்கியது. அவர் வாளியைப் பார்க்கவில்லை; காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மடக்குக்கும் குதிரையின் காது மெல்ல அசைகிறது. அதைப் பார்த்துத்தான் எண்ணுகிறார். முப்பத்தொன்றில் அது நிறுத்தியது. வெறும் தண்ணீருக்கு மாறி இன்னும் இருபது. லாயக் கதவில் சாக்குக்கட்டியால் லிட்டர் கணக்கில் ஓர் எண்ணை எழுதினார். இங்கே தானாக நிரம்பும் தண்ணீர்க் கிண்ணம் கிடையாது. அது இருந்தால் எவ்வளவு குடித்தது என்று தெரியாமல் போய்விடும் என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியென்றே பட்டது.

தீவன அறையில் எலக்ட்ரோலைட் பவுடர் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றின் பின்புறத்தைப் படித்தேன். முதல் பெயர் டெக்ஸ்ட்ரோஸ். உப்பு அதற்குப் பின்னால்தான் வந்தது. சர்க்கரை குதிரையின் தாகத்துக்கு ஒன்றும் செய்யாது. சோடியம், குளோரைடு, அவற்றுக்கு அடுத்து பொட்டாசியம்: வியர்வையில் அதிகம் போவது இவை. பொட்டாசியம் புல்லிலும் குதிரைமசாலிலும் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது. வேலையில்லாத நாளில்கூட 500 கிலோ குதிரைக்கு சுமார் 25 கிராம் சாதாரண உப்பு தேவை. லாயத்தில் தொங்கும் உப்புக்கட்டியை நக்கி மட்டும் அதைப் பெறுவது கடினம். மாட்டு நாக்கின் சொரசொரப்பு குதிரைக்குக் கிடையாது.

வாய்க்குள் ஊசிக்குழாயால் பீய்ச்சும் பசையை எடுத்துக் காட்டிச் சொன்னார்: "தண்ணி குடிக்காத குதிரைக்கு இத்த மட்டும் குடுத்துராதீங்க. உள்ள இருக்கிற தண்ணியும் வயித்துக்குப் போயிடும்." உண்மைதான். அடர்ந்த உப்பு உடலிலிருந்து நீரைக் குடலுக்கு இழுக்கும். இரைப்பையின் புண்ணையும் கிளறும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

பல வருடங்களுக்கு முன் ஒரு குதிரையின் விலா விக்கல்போலத் துள்ளியதை அவர் சொன்னார். தாடை எலும்பின் அடியில் நாடி பிடித்தபோது, துள்ளலும் இதயத் துடிப்பும் ஒரே தாளம். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு இதயத்தை ஒட்டிச் செல்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த நரம்பு தூண்டப்படுகிறது. மருத்துவர் கால்சியத்தைச் சிரையில் சொட்டுச் சொட்டாக ஏற்றிக் காப்பாற்றினாராம். அன்றிலிருந்து காலையும் மாலையும் ஒவ்வொரு குதிரையின் ஈறையும் அழுத்திப் பார்க்கிறார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். சாணி உருண்டை காய்ந்திருந்தால் அன்று தவிட்டில் தண்ணீர் கூடும்.

கடைசித் தடுப்பில் மின்விசிறிக்குக் கீழே ஒரு வெள்ளைக் குதிரை மூச்சிரைத்து நின்றது. உடம்பு சுத்தமாகக் காய்ந்திருந்தது. வெப்ப நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். அதன் முன் எந்த டப்பாவும் இல்லை. அவர் குழாயை எடுத்துக் கழுத்திலும் தொடையிடுக்கிலும் குளிர்ந்த நீரை விட்டபடியே இருந்தார். நான் கிளம்பும் வரை நிறுத்தவில்லை.

மாலையில் மறுபடி போனேன். அவர் சட்டை முதுகில் உப்பு வெள்ளைக் கோடுகளாகக் காய்ந்திருந்தது. திண்ணையில் சொம்பில் நீர்மோர். பெட்டையின் கதவில் காலை எழுதிய எண்ணுக்குக் கீழே இன்னும் நான்கு எண்கள் ஏறியிருந்தன. கூட்டிப் பார்த்தேன்: 46 லிட்டர். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.