பழமலையில் பழைய வரைபடங்களோடு

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் வெளி மதிலை ஒட்டி ஒரு சுற்று நடந்தேன். இவ்வளவு உயர்ந்த மதிலைப் பார்க்கும் படைத்தலைவன் எவனும் இதைக் கோயிலாக மட்டும் எண்ணியிருக்க மாட்டான். 18-ஆம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களில் இது கோட்டையாகவும் இருந்தது. 1751-இல் திருச்சிக்குப் போகும் படையோடு இந்த ஊர்வரை வந்துவிட்டுத் திரும்பிய ராபர்ட் கிளைவும் ஜார்ஜ் பிகட்டும், வழியில் பாளையக்காரரின் ஆட்கள் தாக்கியதில், குதிரை வேகத்தால்தான் உயிர் தப்பினார்கள். அந்தப் போர்களை எழுதிய ராபர்ட் ஆர்ம் இவ்வூரை ‘வெர்டாசெலம்’ என்று குறிக்கிறார். பழைய ஆங்கில வரைபடங்களில் நம் ஊர்களைத் தேடுகிறவர்கள் இத்தகைய எழுத்துக்கூட்டலுக்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

படை நடத்த வரைந்த படத்தில் பாதையும் ஆற்றுத்துறையும் கோட்டையும் இருக்கும். வயலும் வாய்க்காலும் வரி வாங்க வந்தவர்கள் அளந்த பிறகுதான் காகிதத்தில் ஏறின. எனவே ஒரே படத்தை நம்பி ஊரைப் படிக்க முடியாது. என் பையில் மூன்று நகல்கள் இருந்தன: நிலவியல் படம் ஒன்று, ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய சர்வே ஆஃப் இந்தியா தாள் ஒன்று, பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பழைய கிராம வரைபடம்.

மணிமுத்தாற்றங்கரைக்கு வந்து முதல் படத்தை விரித்தேன். ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-இல் தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டப் பாறைகளைப் பற்றி எழுதிய ஆய்வோடு சேர்ந்தது அது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கிரெட்டேசியஸ் காலத்தில் இந்தப் பக்கம் கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுச் சென்ற படிவுகள் அரியலூரில் ஒரு திட்டாகவும் விருத்தாசலத்தில் ஒரு திட்டாகவும் நிற்கின்றன. பரூர், பட்டி என்ற இந்த வட்டாரச் சிற்றூர்களின் பெயர்களைப் பின்னாளில் நிலவியலாளர்கள் பாறை அடுக்குகளுக்கே சூட்டினார்கள். கிழக்கே போனால் கடலூர் மணற்கல். அதனடியில் பழுப்பு நிலக்கரி கிடப்பது அந்தப் படம் வரைந்தபோது தெரியாது. 1950களில் நெய்வேலியில் சுரங்கம் தோண்டியபோது நிலக்கரிக்கு மேலிருந்து அள்ளிய மண்ணோடு நல்ல வெண்களியும் வந்தது. விருத்தாசலத்துச் சூளைகளுக்கு அது தீனியானது.

செராமிக் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தபோது இந்தத் தொடர்பு கண்முன் நின்றது. ஒரு பட்டறையில் கொலு பொம்மைகள் வண்ணத்துக்குக் காத்திருந்தன. அடுத்ததில் மின்சார ஃபியூஸ் கட்டைகள் அடுக்கியிருந்தார்கள். பீங்கான் தொழிலுக்கென்று தனிக் கல்லூரியே இந்த ஊரில் இருப்பது சும்மா வந்ததல்ல. மண்ணிலிருந்து தொடங்கிய கதை அது.

இரண்டாவது தாள் 58 எம் என்ற எண் வரிசையைச் சேர்ந்தது. ஏரிகள் நீலம், மேடு பள்ளக் கோடுகள் பழுப்பு, இருப்புப்பாதை கறுப்பு. விழுப்புரம்–திருச்சி நேர்வழிப் பாதை 1920களின் இறுதியில் வந்தது. அதற்கு முந்தைய எந்தப் படத்திலும் விருத்தாசலம் ரயில் சந்திப்பு இருக்காது. தாளைப் பார்த்தபடி ரயில் மேட்டோரம் நடந்தேன். ஓரிடத்தில் மேட்டுக்கடியில் சிறு பாலம். மேலும் கீழும் வறண்ட தரை, நீர் வந்த தடமே இல்லை. ஆனால் அன்றைய பொறியாளர் காரணமில்லாமல் பாலம் வைத்திருக்க மாட்டார். கிராம வரைபடத்தில் அதே இடத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று தனி சர்வே எண் இருந்தது.

வேப்பமரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். எண்களை அவர் பார்க்கவில்லை. ஏரிக்கரையின் வளைவைப் பார்த்ததும் விரலை வைத்துவிட்டார். “இது பெரிய ஏரி தம்பி. இங்க மதகு. இங்கிருந்து ஓடை சின்ன ஏரிக்குப் போவும். நான் நீச்சல் பழகினதே அதுலதான்.” “சின்ன ஏரி எங்கேங்க ஐயா?” என்றேன். கையை நீட்டினார். மனைப் பிரிவுக்கான கற்கள் வரிசையாக நட்டிருந்தன.

மதகின் கல் மட்டும் முள்செடிக்குள் இருந்தது. அவரே விலக்கிக் காட்டினார். என் தாளில் இருந்ததும் அவர் நினைவில் இருந்ததும் ஒரு முழம்கூடப் பிசகவில்லை. இந்த மாதிரி நேரத்தில் எனக்குக் கோபமும் வருகிறது. சர்வே எல்லைச் சட்டம் 1923-லேயே இருக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-இல் தனிச் சட்டமே போட்டாயிற்று. ஆதாரம் பழைய படத்தில் கிடக்கிறது, சாட்சி ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் ஆளில்லை.

ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உரிய அளவைப் படமான புலப்படத்தின் இன்றைய வடிவம் அரசின் இணைய சேவையில் கிடைக்கிறது. பழைய படங்களுக்கு மாவட்டப் பதிவறையிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் விண்ணப்பியுங்கள். நகல் கையில் வந்ததும் ஊரின் மூத்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஏரியிலிருந்து ஓடை வழியே நடங்கள். அவர் சொல்வதை அந்த நகலிலேயே குறியுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடும். அன்று அந்தப் படத்தை எல்லோர் முன்னும் விரித்து, ஒவ்வொரு நீர்நிலையின் சர்வே எண்ணையும் வாசித்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.