ஃப்யூஸ் இல்லாத கேபிள்

லாரியில் ஓடும் ஒயர்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரு ஃப்யூஸ் காவல் உண்டு. ஹெட்லைட்டிலோ ஹாரனிலோ ஷார்ட் ஆனால் அந்தச் சின்னத் தகடு எரிந்து மின்சாரத்தை அறுத்துவிடும். பேட்டரியின் பிளஸிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளுக்குப் பெரும்பாலான லாரிகளில் அந்தக் காவல் கிடையாது. குளிர்ந்து கிடக்கும் டீசல் இன்ஜினைச் சுழற்ற அதில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்தாக வேண்டும். அந்தக் கேபிளை மாற்றுகிறவருக்கு, எதை முதலில் கழற்றி எதைக் கடைசியில் மாட்டுகிறார் என்ற ஒழுங்குதான் பாதுகாப்பு. அதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றுதான் தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசைக்குப் போனேன்.

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 தென்காசி வழியாக மலைக்குப் போகிறது. செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் வண்டி அணைந்து, மறுபடி கிளம்பாமல் நின்றால் முன்னும் பின்னும் வரிசை கட்டிவிடும். அதனால் செல்ஃப் மேல் சந்தேகம் வந்த டிரைவர்கள் மலைக்கு முன்னாலேயே ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியனைத் தேடுகிறார்கள். நான் போனது சாரல் காலம். தகரக் கொட்டகையின் ஓரத்தில் நீர் சொட்டிக்கொண்டிருக்க, காய்கறி ஏற்றப்போகும் லாரி ஒன்று நின்றது.

“சாவியத் திருப்பினா டக்குன்னு ஒரு சத்தம் கேக்கு, அவ்வளவுதான் அண்ணாச்சி. பேட்டரி மாத்தி மூணு மாசங்கூட ஆகல” என்றார் டிரைவர்.

“அப்ப பேட்டரியக் குத்தம் சொல்லாதீங்க. கேபிளப் பாப்போம்.”

எலக்ட்ரீசியனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டையில் ஆசிட் தெறித்த ஓட்டைகள். பிளஸ் முனையில் ரப்பர் உறையைக் கொஞ்சம் கீறிக் காட்டினார். உள்ளே செம்புக் கம்பிகள் பாதி கருத்து, மீதி நீலப்பச்சைப் பொடியாகியிருந்தன. பேட்டரியின் கந்தக அமிலமும் ஈரமும் கேபிள் முனையின் உலோகக் காதான லக் வழியாகச் சிறுகச் சிறுக உள்ளே ஏறிச் செம்பைத் தின்றதன் அடையாளம் அது. விளக்கு எரியவும் ஹாரன் அடிக்கவும் மிச்சமிருந்த இழைகள் போதும். செல்ஃப் கேட்கும் மின்சாரத்தை அவை தாங்கா. முனை சூடாகும், வோல்ட் விழும், ‘டக்’ சத்தம் மட்டும் மிஞ்சும். இதை அறியாமல் நல்ல பேட்டரியை மாற்றிய லாரிக்காரர்கள் எத்தனையோ பேர் என்றார்.

வேலை தொடங்கியது. வண்டி நியூட்ரலில், சக்கரத்துக்கு அடியில் கட்டை, சாவி டிரைவர் கையில் இல்லை, எலக்ட்ரீசியனின் பையில். பிஎஸ் 6 வண்டியாக இருந்தால் சாவியை அணைத்த உடனே பேட்டரியைத் துண்டிக்கக் கூடாது, யூரியாக் கரைசலைக் குழாயிலிருந்து உறிஞ்சி முடிக்கச் சில நிமிடம் விட வேண்டும் என்று உதவிக்கு நின்ற தம்பியிடம் சொன்னார். இது பழைய வண்டி, காத்திருக்க வேண்டியதில்லை. அவர் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி டப்பாவில் போட்டார். தம்பியின் கையிலிருந்த செம்புக் காப்பும் அதே டப்பாவுக்குப் போனது.

பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்டாஃப் சுவிட்சை அணைத்த பிறகு மைனஸ். எந்த மைனஸ் என்பதுதான் லாரியில் கேள்வி. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராகக் கோத்துத்தான் 24 வோல்ட் கிடைக்கிறது. ஆக முனைகள் நான்கு. அவற்றில் சேஸில் போய் முடியும் மைனஸ் ஒன்றைத்தான் முதலில் விடுவிக்க வேண்டும். பழைய வண்டியில் எல்லாக் கேபிளும் எண்ணெய் ஏறி ஒரே கறுப்பு. நிறத்தை நம்ப முடியாது. அவர் சேஸ் போல்ட்டில் தொடங்கி, கேபிளைக் கையால் தடவிக்கொண்டே பேட்டரி வரை வந்தார். “கண்ணு ஏமாத்தும்லே, கை ஏமாத்தாது” என்றார் தம்பியிடம்.

ஏன் மைனஸ் முதலில்? லாரியின் இரும்பு உடம்பு முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டைக் கழற்றினால், ஸ்பேனரின் மறுமுனை சேஸைத் தொட்ட மாத்திரத்தில் வட்டம் பூர்த்தியாகிவிடும். ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். ஸ்பேனர் பழுத்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும், பிடித்த கை வெந்துபோகும். மைனஸை எடுத்துவிட்டால் அதே ஸ்பேனர் சேஸில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது இதே காரணத்தால் மைனஸ் கடைசி. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பிடிக்கும் என்பதால், அங்கே பறக்கும் ஒரு பொறி பேட்டரியையே வெடிக்க வைக்கலாம்.

புதுக் கேபிள் 70 சதுர மில்லிமீட்டர் செம்பு. விலையைக் கேட்ட டிரைவர், ஓனரிடம் போனில் பேசிவிட்டு, மெலிசாக ஒன்று போடலாமா என்றார். எலக்ட்ரீசியன் மறுத்துவிட்டார். கணக்கு அவர் பக்கம். இந்தத் தடிமனில் நான்கு மீட்டர் செம்புக்கு மின்தடை ஒரு மில்லி ஓம். 400 ஆம்பியர் பாயும்போது 0.4 வோல்ட் விழும், 160 வாட் வெப்பமாகும். தடிமனைப் பாதியாக்கினால் இரண்டும் இரட்டிப்பு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளும் சந்தையில் கிடைக்கிறது. எடை குறைவு, இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். செம்பின் மின்கடத்தலில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் அலுமினியத்துக்கு. மிச்சம் பிடிக்கிறவர் மலையில் நிற்கப் போவதில்லை. அங்கே நிற்பவர் டிரைவர்.

லக் பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் நுட்பமான இடம். சுத்தியலால் தட்டி நசுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இவர் ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி வாங்கிவைத்திருக்கிறார். ஓர் இழைகூட வெட்டுப்படாமல் உறையைச் சீவி, தகரம் பூசிய செம்பு லக்கில் அடிவரை நுழைத்து, அழுத்தினார். முன்பு அழுத்திக் குறுக்கே அறுத்த மாதிரி ஒன்றைக் காட்டினார்: இழைகளுக்கு நடுவே காற்றுக்கு இடமில்லாமல், தேன்கூட்டு அறைகள் போல ஒன்றோடொன்று நெருங்கி உட்கார்ந்திருந்தன. காற்று போகாத இடத்தில் ஆசிடும் போகாது. அதன் மேல் பசை உள்ள ஷ்ரிங்க் ஸ்லீவ்.

சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சோலனாய்டில் தடித்த ஸ்டட் இரண்டு. ஒன்று பேட்டரிக் கேபிளுக்கு. மற்றது மோட்டாருக்குள் போவது. மாறிப் போட்டால், மைனஸை மாட்டிக் கட்டாஃப் சுவிட்சைப் போட்ட நொடியே மோட்டார் சாவியைக் கேட்காமல் சுழலும். அதனால் கழற்றுமுன் தம்பி செல்போனில் படம் எடுத்துவைத்திருந்தான். லக் நேரடியாக ஸ்டட்டின் அடி நட்டில் உட்கார வேண்டும். இடையில் வாஷர் கூடாது. அடி நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை முறுக்கினார். பிடிக்காமல் முறுக்கினால் ஸ்டட் திரும்பிச் சோலனாய்டின் மூடி விரியும். கேபிள் சேஸ் ஓட்டையில் நுழையும் இடத்தில் ரப்பர் குரோமெட், சைலன்சரிலிருந்து தள்ளி, அதிரும் இடங்களில் கிளிப். உரசித் தேயும் உறைதான் நாளைக்கு லாரி எரியக் காரணமாகிறது.

மைனஸை மாட்டுமுன் ஒரு 24 வோல்ட் பல்பை மைனஸ் முனைக்கும் எர்த் கேபிளுக்கும் இடையே வைத்து, கட்டாஃப் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கேயோ ஷார்ட். எரியவில்லை. சுவிட்சை அணைத்து, மைனஸை முறுக்கி, முனைகளில் வாசலின் தடவினார். சுவிட்சை மறுபடி போட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார். டிரைவர் செல்ஃப் அடித்தபோது கேபிளின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தார். அரை வோல்ட்டுக்குள் நின்றது.

இவ்வளவு ஒழுங்குக்கு நடுவே ஒன்றுதான் என்னை உறுத்தியது: இருவர் கண்ணிலும் கண்ணாடி இல்லை. ஆசிடும் ஹைட்ரஜனும் உள்ள இடத்தில் அது ஸ்பேனருக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள். வாகனப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. விபத்துக்குப் பின் தரும் உதவியோடு, பாதுகாப்புக் கண்ணாடியையும் ரப்பர் கையுறையையும் முன்கூட்டியே அது கையில் கொடுக்கலாம். கேட்டபோது, “கண்ணாடி போட்டா வேர்க்கும் சார்” என்றான் தம்பி. “நாளைக்கு வாங்குதேன், போட்டுத்தான் ஆவணும்” என்றார் அவர்.

டிரைவர் பணம் கொடுத்துக் கிளம்பும்போது, கொல்லத்திலிருந்து திரும்பி வருகையில் வண்டியை இங்கே நிறுத்தச் சொன்னார் எலக்ட்ரீசியன். புது லக் சில தடவை சூடாகி ஆறும்போது நட்டு கொஞ்சம் இளக வாய்ப்புண்டு. பார்த்து முறுக்கிவிட வேண்டும், அதற்குக் கூலி வேண்டாம் என்றார்.